பக்கத்துக் கூடாரத்துச் சத்தத்துக்கு என்ன செய்வது?

கேள்வி சுருக்கமாக இதுதான். தெஹிவளையில் இருந்து ஒரு குடும்பம், போயாவோடு சேர்ந்து வந்த நீண்ட விடுமுறைக்கு ஒரு கேம்பர் வானை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, மலைப்பக்கம் ஆற்றோரமாக ஒரு தனியார் இடத்துக்கு முகாமிடப் போயிருக்கிறார்கள். பக்கத்தில் வந்து இறங்கிய பத்துப் பன்னிரண்டு இளைஞர்கள் இரவு இரண்டு மணி வரை ஸ்பீக்கரில் பைலா போட்டிருக்கிறார்கள். குளியலறைக்குப் போக இவர்களுடைய சமையல் மேசைக்கும் வானுக்கும் நடுவால் குறுக்குவழி பிடித்திருக்கிறார்கள். விடிந்ததும் கோழி எலும்பையும் போத்தல்களையும் அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். லண்டனிலிருந்து வந்திருந்த மைத்துனர், "அங்கே இப்படி நடக்கவே நடக்காது" என்று திரும்பி வரும் வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தாராம். நாங்கள்தான் அளவுக்கு மீறி எதிர்பார்க்கிறோமா, அந்த இரவில் என்ன செய்திருக்கலாம் என்று கேட்கிறீர்கள்.

அளவுக்கு மீறி ஒன்றும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் இரவு ஒரு மணிக்கு நீங்கள் செய்திருக்கக்கூடியது மிகக் குறைவு. செய்யவேண்டியதெல்லாம் மாலை ஐந்துக்கும் ஆறரைக்கும் நடுவில் இருந்தது. அதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்லப்போகிறேன். பதினைந்து வருடமாகக் கூடாரம் தூக்கிக்கொண்டு திரிகிறவன், வெள்ளவத்தையில் அடுக்குமாடி ஒன்றில் குடியிருக்கிறவன் என்று எனக்கு இரண்டு தகுதி உண்டு. இரண்டாவதுதான் பெரிய தகுதி. மேல்வீட்டில் தேங்காய் துருவும் சத்தத்தை வைத்தே நாளைக்கு அங்கே இடியப்பமா பிட்டா என்று என் மனைவி சொல்லிவிடுவாள். அவ்வளவுக்கும் நடுவில் ஒரு கொங்கிறீட் தட்டு இருக்கிறது. முகாமிடத்தில் நடுவில் இருப்பது ஒரு துணி.

முதலில் மைத்துனர் விஷயத்தை முடித்துவிடுவோம். அவர் சொன்னதில் பாதி உண்மை. பிரித்தானியாவில் இந்தப் பழக்கம் பழையது. சைக்கிளில் கூடாரம் கட்டிக்கொண்டு போனவர்கள் அங்கே 1901 இல் சங்கம் வைத்துவிட்டார்கள், இழுத்துச் செல்லும் வண்டி வீடான கேரவனில் போனவர்கள் 1907 இல். இரவு 10 அல்லது 11 மணிக்குப் பிறகு அமைதி, அடுத்தவர் இடத்துக்குள்ளால் குறுக்கே நடக்கக்கூடாது, வண்டிக்கும் வண்டிக்கும் நடுவில் 6 மீற்றர் என்றெல்லாம் எழுதியே வைத்திருப்பார்கள். அந்த 6 மீற்றர் ஏதோ தனிமைக்காக வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். நெருப்புக்காக வந்தது. கேரவன் ஒன்று பற்றிக்கொண்டால் சில நிமிடங்களில் கூடுதான் மிஞ்சும், நெருக்கி நிறுத்தியிருந்தால் அடுத்ததும் போகும். சரி, ஒரு இடத்தில் இவ்வளவு விதி எழுதி வைத்திருக்கிறார்கள் என்றால், அங்கே யாரோ ஒருவர் அதையெல்லாம் செய்து பார்த்திருக்கிறார் என்றுதானே அர்த்தம்? அங்கேயும் குறுக்கே நடக்கிறார்கள், பிள்ளைகள் அடுத்தவர் கேரவனில் பந்தடிக்கிறார்கள், விடியற்காலையில் கதவை அடித்துச் சாத்துகிறார்கள். ஒரே வித்தியாசம், இரவில் போய்க் கதவைத் தட்ட அங்கே பெரும்பாலும் ஒரு பொறுப்பாளர் இருப்பார். இங்கே பல இடங்களில் காசை வாங்கியவர் ஆறு மணிக்கே வீட்டுக்குப் போய்விடுகிறார். முன்பதிவு செய்யும்போது "இரவில் யார் அங்கே இருப்பார்கள்?" என்று கேளுங்கள். கழிப்பறை எத்தனை, எத்தனை கூடாரத்துக்கு இடம், ஜெனரேட்டர் விடுவார்களா என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். பத்துக் கூடாரத்துக்கான புல்தரையை இருபத்தைந்து பேருக்கு விற்ற இடம் ஒன்றில் நான் நின்றிருக்கிறேன். அங்கே எவ்வளவு பண்பான மனிதராக இருந்தாலும் இரவில் யாராவது ஒருவருடைய கயிற்றில் தடுக்கித்தான் ஆகவேண்டும்.

சத்தம் போடுகிறவர்களில் மிகச் சிலர்தான் வேண்டுமென்றே செய்கிறவர்கள். மற்றவர்களுக்குத் தங்கள் சத்தம் எவ்வளவு தூரம் போகிறது என்றே தெரியாது. பகலில் தரை சூடாக இருக்கும், காற்றும் அலையும், சத்தம் மேலே போய்க் கலைந்துவிடும். இரவில் தரையோடு ஒட்டிய காற்று குளிர்ந்து, அதற்கு மேலே சூடான காற்று மூடிபோல நிற்கும். மேலே போகவேண்டிய சத்தம் வளைந்து திரும்பக் கீழேயே வரும். பள்ளத்தாக்கிலும் குளக்கரையிலும் இது இன்னும் மோசம். அக்கரையில் ஒருவர் இருமுவது இக்கரையில் கேட்கும். மாலையில் போதாமல் இருந்த அதே ஸ்பீக்கர் அளவு, நள்ளிரவில் ஒரு மலைச்சரிவுக்கே போதும். பாட்டின் சொற்கள் கேட்காத தூரத்திலும் 'டும் டும்' மட்டும் வந்துகொண்டிருக்கும். தலையணையில் காதை வைத்தால் அது தரைக்குள்ளிருந்து வருவதுபோல இருக்கும். பேச்சும் அப்படித்தான். கூடாரத்துக்குள் போய் ஸிப்பை இழுத்தவுடன் அறைக்குள் போனதுபோல ஒரு நினைப்பு வந்துவிடும். நான் ஒரு கணவன் மனைவி வீட்டுக் கடன் பற்றி ஆரம்பித்த சண்டையை மாமியார் வரை முழுதாகக் கேட்டிருக்கிறேன். காலையில் அவர்கள் சிரித்துக்கொண்டு தேநீர் கொண்டுவந்து தந்தபோது எனக்குத்தான் முகம் பார்க்க முடியவில்லை. உள்ளே லைட் எரிந்தால் உடை மாற்றுவதும் நிழற்கூத்தாக வெளியே தெரியும். லைட்டை அணைத்துவிட்டு மாற்றுங்கள்.

இனி கொழும்புக்காரர்களான நம்மைப் பற்றி. என் கணக்கில் முகாமிடத் தகராறுகளில் பெரும்பகுதி இருட்டிய பிறகு வந்து சேருகிறவர்களால் வருவது, இருட்டிய பிறகு வந்து சேருகிறவர்களில் பெரும்பகுதி நாம். வெள்ளிக்கிழமை அலுவலகம் முடித்து, பிள்ளையை ரியூஷனில் இருந்து ஏற்றி, ஹைலெவல் வீதி நெரிசலில் ஊர்ந்து, அவிசாவளையில் கொத்துக்கு நிறுத்தி, இரத்தினபுரி தாண்டும்போதே பத்து மணி. போய் இறங்கியதும் செய்வதெல்லாம் பிழை. இடம் தெரியவேண்டும் என்று ஹெட்லைட்டை முழுதாகப் போட்டுத் திருப்புவோம், அது நான்கு கூடாரத்துக்குள் நேரே பாயும். வானின் இழுவைக் கதவை இருபது தடவை திறந்து மூடுவோம். கூடார ஆப்பைக் கல்லால் அடிப்போம். ஒவ்வொரு முறை பூட்டும்போதும் ரிமோட் 'பீப் பீப்' என்னும்.

நானும் செய்திருக்கிறேன். குளக்கரை ஒன்றுக்கு நாங்கள் நாலு பேர் இரவு பதினொன்றரைக்குப் போய்ச் சேர்ந்து, சிரிப்பும் கூத்துமாகக் கூடாரம் அடித்துக்கொண்டிருந்தோம். பக்கத்துக் கூடாரத்திலிருந்து சாரத்தோடு ஒரு வயதானவர் வெளியே வந்தார். ஏசப்போகிறார் என்று நினைத்தேன். ஒன்றும் பேசாமல் டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார், கடைசி ஆப்பு இறங்கும் வரை. நல்ல மனிதர், உதவி செய்ய வந்திருக்கிறார் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். விடிந்து பார்த்தால் அவருடைய கூடாரத்தில் சில மாதக் குழந்தை ஒன்று. மனுஷன் எங்களுக்கு உதவ வரவில்லை, சீக்கிரம் முடிந்து தொலையட்டும் என்று வந்திருக்கிறார். அதற்குப் பிறகு நான் வெள்ளி இரவில் கிளம்புவதே இல்லை. சனி அதிகாலை நாலரைக்குக் கிளம்பினால் பாதையும் காலி, ஒன்பதுக்கெல்லாம் ஆற்றங்கரையில் நிற்கலாம்.

வெளிச்சத்தில் போய்ச் சேர்ந்தால் என்ன லாபம் என்றால், பக்கத்தில் யார் என்று பார்க்கலாம், அவர்களும் உங்களைப் பார்ப்பார்கள். உங்கள் சிக்கலுக்கு மருந்து அங்கேதான் இருந்தது. அந்த இளைஞர்கள் பெட்டியளவு ஸ்பீக்கரை இறக்கியதை நீங்கள் பார்த்திருப்பீர்கள், முகத்தைத் திருப்பிக்கொண்டு வானுக்குள் போயிருப்பீர்கள். நாம் எல்லோரும் அப்படித்தான். அந்த நேரத்தில் ஒரு பாக்கெட் பிஸ்கட்டையோ நாலு கப் ப்ளேன்டீயையோ எடுத்துக்கொண்டு போய், எங்கிருந்து வருகிறீர்கள், ஆற்றில் எந்த இடம் குளிக்க நல்லது என்று ஐந்து நிமிடம் கதைத்திருந்தால் போதும். "எங்களோடு சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள், பத்துக்குப் படுத்துவிடுவார்கள், அதுவரைக்கும் நீங்கள் பாட்டுப் போடுங்கள்" என்று ஒரு நேரத்தையும் சொல்லிவிட்டு வரலாம். முன்பின் தெரியாத கூடாரத்துக்குப் பக்கத்தில் கத்துவது சுலபம், தேநீர் கொடுத்த அக்காவின் பிள்ளைகள் தூங்கும் கூடாரத்துக்குப் பக்கத்தில் அவ்வளவு சுலபமில்லை. எல்லா முறையும் பலித்தது என்று சொல்லமாட்டேன். பலிக்காத தடவைகளை ஒரு கை விரலில் எண்ணலாம்.

அந்தப் பையன்கள் சிங்களம் பேசுகிறவர்கள் என்று எழுதியிருந்தீர்கள். நாம் தமிழில் கதைப்பதைக் கேட்டு விஷயம் வேறு திசைக்குப் போய்விடுமோ என்று தயங்கியதாகவும். அந்தத் தயக்கம் எனக்கும் தெரியும், அதைக் குறை சொல்லமாட்டேன். அதனால்தான் பகலிலேயே போகச் சொல்கிறேன். இரவில் கேட்கத்தான் வேண்டும் என்றால் ஒருவர் மட்டும் போங்கள், ஆண்கள் நாலு பேர் சேர்ந்து போகவேண்டாம். டோர்ச்சை முகத்தில் அடிக்காதீர்கள். குடிக்காத ஒருவர் அந்தக் கூட்டத்தில் இருப்பார், அநேகமாக வாகனம் ஓட்டி வந்தவர். அவரைத் தேடுங்கள். "மல்லி, சத்தே டிக்கக் அடு கரன்ன புளுவன்த? லமய் நிதி." தம்பி, சத்தத்தைக் கொஞ்சம் குறைக்க முடியுமா, பிள்ளைகள் தூங்குகிறார்கள். உச்சரிப்பு பிசகினாலும் பரவாயில்லை, பிசகினால் சிரிப்பார்கள், சிரித்தால் பாதி வேலை முடிந்தது. 'நிறுத்து' என்று கேட்காமல் 'குறை' என்று கேட்பதையும் கவனியுங்கள். குடித்திருக்கிற ஒருவனுக்கு நண்பர்களுக்கு முன்னால் நிறுத்துவது தோல்வி, குறைப்பது பெருந்தன்மை.

ஒருமுறை கேட்டும் சரிவரவில்லை என்றால் இரண்டாம் முறை நீங்கள் போகக்கூடாது. உரிமையாளருக்கு அழையுங்கள். சட்டம் உங்கள் பக்கம்தான். இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுக்கக்கூடாது என்று உயர் நீதிமன்றம் 2007 இலேயே சொல்லிவிட்டது. பொலிஸ் 119. ஆனால் உள்ளூர்ப் பாதையில் அவர்கள் வந்து சேரும் நேரத்தையும், வந்து போன பிறகு மிச்ச இரவு எப்படி இருக்கும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். அடிதடி, பெண்களுக்குத் தொந்தரவு என்றால் யோசிக்கவே வேண்டாம். பாட்டுச் சத்தம் மட்டும் என்றால், வானில் வந்தவர்களுக்கு இன்னொரு வசதி இருக்கிறதே, வண்டியை எடுத்து ஐம்பது மீற்றர் தள்ளிப் போடலாம். மானம் போகாது.

வானில் வருகிறவர்கள் செய்யும் பிழைகளையும் சொல்லவேண்டும். எங்களைப் போன்ற கூடாரக்காரர்கள் வான்காரர்களைப் பற்றித் தனியாகப் புலம்புவது உங்களுக்குத் தெரிந்திருக்காது. இழுத்துச் செல்லும் கேரவன் இங்கே அரிது. ஆனால் வானுக்குள் கட்டில், கூரையில் கூடாரம் என்று வருகிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். முதல் புகார் ஜெனரேட்டர். 2022 மின்வெட்டுக் காலத்தில் வாங்கியதைச் சும்மா விடக்கூடாது என்று தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள், அதுவும் பம்பலப்பிட்டிக் கடை வாசலில் அலறிய அதே இனம். ஒரு ஃபேனுக்கும் போன் சார்ஜுக்கும் இது எதற்கு? பற்றரிப் பெட்டி ஒன்று போதும். ஓட்டத்தான் வேண்டும் என்றால் இருட்டுவதற்கு முன் ஓட்டி முடித்துவிடுங்கள். புகைபோக்கி யாருடைய கூடாரத்தையும் பார்க்கக்கூடாது. இது மரியாதைக்காக மட்டுமல்ல. அந்தப் புகையில் வரும் காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை நிறமும் இல்லை, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். குளிருக்கு என்று பார்பிகியூ கரியைக் கூடாரத்துக்குள் எடுத்துக்கொண்டு போவதும் அதே கதைதான்.

அடுத்தது கழிவு நீர். பாத்திரம் கழுவிய தண்ணீரை வானுக்கு அடியிலேயே திறந்துவிட்டால் நாளைக்கு அங்கே கூடாரம் போடப்போகிறவர் கறிக் குழம்பின் மேல் படுப்பார். வானுக்குள் கழிப்பறைப் பெட்டி இருந்தால் அதற்கு ஊற்றும் மருந்தைப் பாருங்கள். போர்மல்டிஹைட் கலந்தது என்றால் அது கிருமியைக் கொல்லத்தான் செய்யப்பட்டது, செப்டிக் குழியில் வேலை செய்யும் நுண்ணுயிர்களையும் சேர்த்தே கொல்லும். கிராமத்து வீட்டு உரிமையாளரின் குழியில் இரகசியமாகக் கொட்டிவிட்டு வருவது அவருக்கு மாதக்கணக்கில் தலைவலியைக் கொடுக்கும். கேட்டுவிட்டுக் கொட்டுங்கள். கழிப்பறையே இல்லாத இடத்தில் தண்ணீரிலிருந்து குறைந்தது 60 மீற்றர் தள்ளி, ஆறு எட்டு அங்குலம் தோண்டி, மூடிவிட்டு வரவேண்டும். ஈரத் துடைப்பான்கள் மட்கமாட்டா. அவற்றைக் கட்டிக்கொண்டு திரும்பக் கொழும்புக்கே வாருங்கள்.

நாம் முகாமிடும் மலைகள் காலியான இடங்கள் என்ற நினைப்பு நம்மில் பலருக்கு இருக்கிறது. பதுளை, ஹப்புத்தளை, ஹட்டன் பக்கங்களில் நீங்கள் கூடாரம் அடிக்கும் முகட்டுக்குக் கீழே பெரும்பாலும் ஒரு தோட்டம் இருக்கும், தோட்டத்தில் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயம் இருக்கும், லயத்துக்குத் தண்ணீர் அந்த முகட்டில் ஊறும் ஓடையிலிருந்து பீலியாகவோ குழாயாகவோ போகும். மேலே ஒருவர் ஷாம்பு போட்டுக் குளித்தால் கீழே ஒருவர் அதைக் குடத்தில் பிடிக்கிறார். ஒருமுறை ஹப்புத்தளைக்கு மேலே நாங்கள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது கொழுந்துக் கூடையோடு போன ஒரு அம்மா நின்று, "தம்பி, அது எங்க குடிதண்ணி" என்றார். கோபமே இல்லை, தகவல் சொல்லும் குரல். நாங்கள் தமிழர் என்பதால் சொன்னார். மற்றவர்கள் வரும்போது என்ன செய்கிறார் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. சவர்க்காரத்தை ஓடைக்குக் கொண்டுபோகாதீர்கள், 'மூலிகைச் சவர்க்காரம்' என்று எழுதியிருந்தாலும்தான். வாளியில் அள்ளிக்கொண்டு தூரமாக வந்து குளியுங்கள். தோட்டக் காணி என்றால் நிர்வாகத்திடம் அனுமதி கேட்கவேண்டும், கேட்காமல் போனால் பிறகு பதில் சொல்லவேண்டியவர் காவல்காரர். இன்னொன்று, அங்கே மனிதர்கள் காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பேர் கொடுக்கும் இடத்துக்கு, போகவேண்டும். நமக்கு அது விடுமுறை இரவு, அவர்களுக்கு வேலைநாளுக்கு முந்திய இரவு. கொழுந்து பறிக்கிறவர்களையும் லயத்து வாசலையும் கேட்காமல் படம் எடுப்பதைப் பற்றி நான் சொல்லித்தான் தெரியவேண்டும் என்றில்லை. உங்கள் வீட்டு பல்கனியில் காயும் துணியை யாராவது படம் எடுத்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? ட்ரோனும் இதில் அடக்கம்.

நெருப்பு விஷயம் சிறிதுதான். ஊவாப் பக்கத்து மானாப் புல்லும் பைனஸ் காடும் ஜூலை முதல் செப்டெம்பர் வரையான வரட்சியில் ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். அந்த மாதங்களில் அடுப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். மற்றக் காலத்தில் பழைய நெருப்புத் தடம் இருந்தால் அதிலேயே மூட்டுங்கள். ஆற்றுக் கல்லை அடுக்கவேண்டாம், உள்ளே ஈரம் இருந்தால் சூட்டில் வெடிக்கும். தண்ணீர் ஊற்றிக் கிளறி, புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டுப் படுக்கப் போங்கள்.

குப்பையை "எரித்துவிட்டுத்தான் வந்தோம்" என்று பெருமையாகச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். பிளாஸ்டிக்கைத் திறந்தவெளியில் எரிப்பது 2017 இலிருந்தே தடை. சாப்பாடு சுற்றும் லன்ச் சீட்டும் அதே ஆண்டில் தடையானது, பிளாஸ்டிக் கரண்டியும் ஸ்ட்ரோவும் 2023 ஒக்டோபரில். ஹோர்ட்டன் சமவெளி வாசலில் பையைத் திறந்து பொலித்தீனை எடுத்துவிட்டு, தண்ணீர்ப் போத்தலில் ஒட்டியிருக்கும் லேபளைக்கூடக் கிழித்துவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள். பலருக்கு எரிச்சல். அங்கே மரைகள் பொலித்தீனைத் தின்று செத்திருக்கின்றன, அதனால்தான் அந்தக் கெடுபிடி. தேசியப் பூங்காக்களுக்குள் இருக்கும் முகாமிடங்களில் மிச்சச் சாப்பாட்டை வெளியே வைத்தால் முதலில் வருவது குரங்கும் காட்டுப்பன்றியும், மாம்பழம் பலாப்பழம் என்றால் யானை. உங்களுக்கு அது ஒரு காணொளி. அந்த ருசி பழகிய யானை அடுத்த வாரம் வேறொருவருடைய கூடாரத்தைத் தேடி வரும். அப்படி ஏதும் நடந்தால் வனசீவராசிகள் திணைக்களத்தின் இலக்கம் 1992.

கடைசியாக, காலையில் அவர்கள் விட்டுப்போன எலும்பையும் போத்தலையும் என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். உடைந்த போத்தலை மட்டும் எடுத்துவிடுங்கள், பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடுவார்கள். மிச்சத்தைத் தொடுவதற்கு முன் நாலு படம் எடுத்து உரிமையாளருக்கு அனுப்புங்கள். பையன்களைப் பற்றிய புகாராக எழுதாதீர்கள், அவர் தோளைக் குலுக்கிவிடுவார். இரவில் பொறுப்பாக ஒருவரும் இல்லாத இடத்துக்கு முழுக்காசு கொடுத்தோம், பாதியைத் திருப்பித் தாருங்கள் என்று எழுதுங்கள். எனக்கு இரண்டு இடத்தில் தந்திருக்கிறார்கள். மூன்றாவது இடம் காசு தரவில்லை, ஆனால் அடுத்த முறை போனபோது ஆற்றோரமாக ஒரு காவலாளியும் "10க்குப் பிறகு பாட்டு இல்லை" என்று மூன்று மொழியிலும் எழுதிய பலகையும் இருந்தன. தமிழில் இரண்டு எழுத்துப்பிழை, அதை மட்டும் திருத்தச் சொல்லிவிட்டு வந்தேன்.